டெலிவரி என்ற சொல்

ராஸ் அல் கைமா நீதிமன்றத்தின் ஜன்னல் வழியே 2006 ஜூன் மாதத்து வெயில், பாலகுருவின் மடியிலிருக்கும் ஒப்பந்தக் கோப்பின் மேல் விழுகிறது. கட்டுமானக் கம்பெனிக்காக அதன் நாற்பது பக்கங்களையும் எழுதியவன் அவன். டைல்ஸ் ஏற்றி வந்த ஃபேக்டரி லாரி வழியில் கவிழ்ந்துவிட்டது. அவன் எழுதிய ‘டெலிவரி’ என்ற சொல் ஃபேக்டரி வாசலைக் குறிக்கிறதா, சைட்டைக் குறிக்கிறதா, உடைந்த சரக்கின் நஷ்டம் ஃபேக்டரிக்கா கட்டுமானக் கம்பெனிக்கா என்பதுதான் வழக்கு. நீதிபதி அவனைக் கேட்கவில்லை. சைட்டில் சரக்கு இறக்கும் சோலைமுத்துவைக் கேட்கிறார். “லாரி சைட்டுக்கு வரணும் சார். நான் எறக்கிப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் டெலிவரி. எட்டு வருசமா ரெண்டு கம்பெனிக்கும் அதான் வழக்கம்.” மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொல்லச் சொல்ல, நீதிபதியின் பேனா கரகரவென்று ஓடுகிறது. இரு தரப்பும் இத்தனை வருடம் நடந்துகொண்ட விதமே அந்தச் சொல்லின் பொருள் என்கிறார் அவர். கட்டுமானக் கம்பெனியின் வக்கீல் எழுந்துபோய்ச் சோலைமுத்துவின் காய்த்துப்போன கையைப் பிடித்துக் குலுக்குகிறார். பாலகுருவுக்கு வயிறு எரிகிறது. கோப்பின் நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டுகிறான். வராந்தாவில் சோலைமுத்து பின்னாலேயே ஓடி வருகிறான். “அண்ணே, நான் சொன்னது சரிதானே? உங்க எழுத்துதாண்ணே ஜெயிச்சிருக்கு.” கோர்ட்டுக்கென்று தான் நேற்று இரவல் கொடுத்த வெள்ளைச் சட்டை, தைத்துப் போட்டதுபோல அந்த உடம்பில் பொருந்தியிருப்பதைப் பாலகுரு பார்க்கிறான். “சட்டையை இன்னைக்கே தொவச்சுக் குடுத்துரு” என்கிறான்.