திரை இல்லாத கேமரா

"இதை மட்டும் வாங்காதீங்கம்மா. பேருதான் கேமரா. பாக்கப்போனா சோப்புக் கட்டி."

சொன்னவர் கடைக்காரர் அல்ல. நகானோவில் உள்ள அந்தப் பழைய கேமராக் கடைக்கு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் வந்து நின்றுவிட்டுப் போகும் தொகுரா. கல்லாவுக்குப் பின்னால் நின்ற இளைஞன் உச்சிபோரி, வாடிக்கையாளரை விரட்டுகிறாரே என்று சங்கடமாகச் சிரித்தான்.

மசாயோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிற உலோகக் கட்டி. முன்னால் ஒரு லென்ஸ், மேலே ஒரே ஒரு பொத்தான். திரை இருக்க வேண்டிய பின்புறம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஓரத்தில் நீளமாக ஒரு கீறல்.

காலையில் தன் ஊர் மட்ஸுமோத்தோவில் ரயில் ஏறும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். இந்தக் கேமராவோடுதான் வீடு திரும்ப வேண்டும். ஏன் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. தன் காரணத்தை அந்நியர் முன்னால் எடுத்து வைத்து அவர்களை நெளிய வைப்பது அவளால் ஆகாத காரியம். அப்படித்தான் வளர்ந்தாள், அறுபது வயதுக்கு மேல் அதை மாற்றிக்கொள்ள வழி தெரியவில்லை.

தொகுரா விடுவதாக இல்லை. எடுத்த படத்தை வீட்டுக்குப் போகும்வரை பார்க்க முடியாது, பிடிக்காததை அழிக்கப் பொத்தான் கிடையாது, போனோடும் சேராது என்று ஒவ்வொரு குறையாக அடுக்கினார்.

"வாங்குறப்போ எல்லாரும் சாமியார் மாதிரிப் பேசுவாங்க. எளிமை, அமைதி, அப்படி இப்படின்னு. மூணே மாசத்துல இங்க கொண்டாந்து தள்ளிட்டுப் போயிடுவாங்க. என்ன தம்பி, நான் சொல்றது பொய்யா?"

பொய் இல்லை என்று உச்சிபோரி ஒப்புக்கொண்டான். ஆனாலும் தன் கடைப் பொருளை முழுக்க விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ஒரு நல்லது இருக்குங்கம்மா. பாக்கத் திரை இல்லாததால, எடுக்குறப்போ எதிர்ல இருக்குறவங்க முகத்தையே பாத்துட்டு இருப்போம். மத்த கேமராவுல அது நடக்காது."

மசாயோ தலையசைத்தாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

"இதை எடுத்துக்கறேன்" என்றாள் மெல்ல.

உச்சிபோரிக்குக் கீறல் உறுத்தியது. இதே கேமரா பெட்டி பிரிக்காமல் ஒன்று இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அதையே இந்த விலைக்குத் தருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றாள். அவன் குழப்பத்தோடு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான். அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில், தனக்கு இதுவே போதும் என்றாள்.

"கீறல் விழுந்ததைத்தான் வேணும்னு கேக்குறீங்க" என்றார் தொகுரா. "உங்களை என் வீட்டுக்காரிகிட்ட கூட்டிட்டுப் போகணும்மா. என்னையும் இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்குவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அவளையே திடுக்கிட வைத்தது. சிரிக்கிற தசைகள் எல்லாம் செத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"நிஜமாவே வேணாம்னா சொல்லிடுங்க" என்று அவர் தொடர்ந்தார். "விலை இறங்கட்டும்னுதான் நானும் காத்திருக்கேன். மேல்தகட்டைக் கழட்டி உள்ள எப்படிப் பண்ணியிருக்கான்னு பாக்கணும்."

கழற்றுவது என்ற சொல்லைக் கேட்டதும் அவசரமாகக் கைப்பையைத் திறந்து பணத்தைக் கல்லாத் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான், ரயிலில் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த கேள்வியைக் கேட்க அவளுக்குத் தைரியம் வந்தது. யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாதபடி, ஒன்றும் அறியாத பெண்பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்.

"எடுக்குற படமெல்லாம் இதுல எங்க இருக்கும்?"

"கார்டே கிடையாதும்மா. எல்லாம் உள்ளேயேதான். வயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டினாத்தான் வெளிய வரும்."

"அப்போ, இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க எடுத்தது?"

உச்சிபோரியின் முகம் சட்டென்று சிவந்தது. கேமராவை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளறைக்குப் போனான்.

ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று மசாயோவுக்குத் தோன்றியது. பரவாயில்லை. பணம் கொடுத்தாயிற்று. இனி அது அவளுடையது. பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது. வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவற்றை நினைத்துப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, ஒரே நாளில் தீர்த்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

தொகுரா எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

உச்சிபோரி திரும்பி வந்தான். அழகாக உறை போட்டுக் கட்டிய பொட்டலத்தை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி இடுப்பு வரை குனிந்தான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நல்லவேளை, நீங்க கேட்டீங்க. முன்னாடி வெச்சிருந்தவங்க படமெல்லாம் அப்படியே உள்ள கிடந்துச்சு. அதை உங்க தலையில கட்டப் பாத்தோமே, எங்க கடைக்கே அவமானம். நான் ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இனிமே யார் நினைச்சாலும் திரும்ப எடுக்க முடியாது."

மசாயோ பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அவனைவிட ஆழமாகக் குனிந்து, இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி சொன்னாள். இறந்துபோன தன் மகளின் கேமரா அது என்பதையும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே மருமகன் இங்கே விற்றுவிட்டான் என்பதையும், இனி யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.