வெறும் வயிற்றில் தொண்ணூற்று நான்கு

இந்திராணியை அடிக்கும்போது நடுங்காத கை, ஊசிக்கு நடுங்கும். தினமும் காலையில் சர்க்கரை பார்க்கும் கருவியை அவள் எடுத்து வந்ததும், கணவர் தெய்வசிகாமணி விரலை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சொட்டு ரத்தம் கண்ணில் பட்டாலும் மயக்கம் வந்துவிடும். ஆனால் கருவி காட்டும் எண்ணை மட்டும் அவரே பார்த்தாக வேண்டும். இருநூறைத் தாண்டினால், "சோத்துல என்னடி போட்ட?" என்று அறைவார். இருநூற்று எழுபது வந்த அன்று சப்பாத்திக் கட்டையால் அடித்தார். அவளுடைய முன்பல் தெறித்து, டாக்டரின் உணவுப் பட்டியல் ஒட்டியிருந்த ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் விழுந்தது.

மறுநாள் அவர் விரலைக் குத்திப் பஞ்சால் துடைத்துவிட்டு, தன் விரலைக் குத்தி அந்த ரத்தத்தைக் கருவியில் வைத்தாள். தொண்ணூற்று நான்கு.

"இப்பத்தான் ஒழுங்கா சமைக்கிற" என்றார்.

அதன்பின் அடி விழவில்லை. மாத்திரையை அவரே நிறுத்தினார். புல்லில் வெறுங்காலோடு நடப்பதை மட்டும் விடவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, நடந்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். வாசலிலிருந்து அவர் வந்த வழியெல்லாம் ரத்தத் தடங்கள். குதிகாலில் பாட்டில் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. மரத்துப்போன காலில் அவருக்கு அது தெரியவே இல்லை.

"என்னங்க, கால்ல..."

"பேசாம குத்துடி." முகம் ஏற்கெனவே சுவரைப் பார்த்திருந்தது.

அவள் நாக்கு பல் போன இடத்தைத் தொட்டது. சிவப்புக் கால்மிதியைக் காலால் தள்ளி அவர் பாதத்துக்கு அடியில் வைத்தாள். பிறகு தன் விரலைக் குத்திக்கொண்டாள்.