கேட்டுக்கொண்டிருந்தவள்

அந்தக் குளிர் நாட்டில் புகலிடம் கேட்டு வந்தவர்களின் வீட்டுச் சுவர்களுக்குக் காது வைத்திருந்தார்கள். தீவிரவாதி என்று சந்தேகிக்கப்பட்ட குகதாசனின் வீட்டை ஒட்டுக்கேட்பது வதனியின் வேலை. மாதக்கணக்காகக் கேட்டும் அகப்பட்டது, “தர்ஷி, நீர் முதல்ல சாப்பிடும்” என்று அவன் மனைவியைக் கொஞ்சுவதுதான். வதனியின் புருஷன் அவள் முகம் பார்த்துப் பேசியே வருடங்களாகிவிட்டன.

ஒலிப்பதிவுகளை அலசிய கணினி குகதாசனை நிரபராதி என்றது. வதனி ஆமோதித்தால் விசா கிடைத்துவிடும். அந்த நேரம் பார்த்து அவன் ஏதோ சொல்ல, தர்ஷி சிரித்தாள். வதனிக்கு வயிறு எரிந்தது. ‘சந்தேகம் தீரவில்லை’ என்று பதிந்தாள்.

விடிந்ததும் பொலிஸ் அவனை இழுத்துப்போனது.

“என்ர மனுசன் என்ன செய்தவர்?” என்று தர்ஷி கதறினாள்.

“அழாதையும். வெளியில குளிர், உள்ளுக்குப் போம்” என்றான் குகதாசன்.

அதைக் கேட்டபோதும் வதனிக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.