வெள்ளையா, கடுகு நிறமா

ஆஸ்பத்திரி அறையின் பாதிக் கதவுக்கு அடியில், கட்டிலில் கிடந்த நுன்ஸியாவுக்கு இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்று டாக்டரின் கறுப்பு ஷூ. மற்றது அக்கா எர்மெலிந்தாவின் கோடைச் செருப்பு.

வயிற்றிலிருந்து வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய சதைத் துணுக்கின் முடிவு இன்று வந்துவிட்டது. நல்லதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்குப் போகலாம், கடற்கரைக்குப் போகலாம், வெயிலில் கிடக்கலாம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே மறுத்தாள்.

டாக்டர் பழைய காலத்து ஆள். நல்லதோ கெட்டதோ நோயாளியிடம் வாயைத் திறக்கமாட்டார். வீட்டு ஆளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுத்தான் சொல்வார். வயிறு யாருடையது என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துவிடும் போல.

செருப்புக் கால்கள் அசையவே இல்லை. பிறகு ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி, கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நின்றது.

நுன்ஸியா போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கறுப்பு ஷூ திரும்பி நடந்தது.

எர்மெலிந்தா உடனே உள்ளே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு, கையில் சந்தைக் காகிதப் பை.

“எல்லாம் நல்லாத்தான் இருக்காம்டி. சும்மா புண்ணு, மாத்திரையில ஆறிடுமாம். இந்தா, தொப்பி கேட்டியே, ரெண்டு எடுத்தாந்திருக்கேன். ஒண்ணை வச்சுக்கோ, மத்ததைக் கடைக்காரன் திருப்பி வாங்கிக்குவான். அவன் தலையெழுத்து, என்கிட்ட மாட்டினான்.”

நுன்ஸியாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எர்மெலிந்தாவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே சொல்லும். தங்கைக்குத்தான் தெரியும், நன்றாகவே வரும். இவளைக் காப்பாற்ற அப்பாவிடம் கண்ணிமைக்காமல் எத்தனை அளந்திருக்கிறாள்!

பையிலிருந்து இரண்டு லினன் தொப்பிகள் வந்தன. ஒன்று வெள்ளை, மற்றது கடுகு நிறம். இரண்டுக்கும் நெற்றிக்கு நிழல் தருகிற சின்ன முனை.

“வெள்ளை குளுகுளுன்னு இருக்கும். ஆனா நெத்தி வேர்வை பட்டா மஞ்சளடிச்சிடும். கடுகு அழுக்கு காட்டாது, வெயில்ல கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். உள்தையலைத் தொட்டுப் பாரு, உறுத்துதா? வெளிச்சத்துல பிடிச்சுப் பாரேன், நெசவு எவ்வளவு நெருக்கம்.”

நுன்ஸியா தொப்பியை ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். நெசவைப் பார்ப்பதுபோல அக்காவைப் பார்த்தாள். கண் சிவக்கவில்லை. உதடு கோணவில்லை. உண்மைதான் போல. நெஞ்சில் கிடந்த கல் மெல்ல இறங்கியது.

“கடுகே இருக்கட்டும்” என்றாள்.

எர்மெலிந்தா வெள்ளையைப் பைக்குள் போட்டாள். கடுகு நிறத் தொப்பி பையில் கிடந்து கசங்கியிருந்தது. அதை நுன்ஸியாவின் கால்மாட்டில், கட்டிலின் மேல் வைத்தாள். உள்ளங்கையால் நீவினாள். முனையை இரண்டு விரலால் நேராக்கினாள். லேசாக ஈரம் காட்டினால் சுருக்கம் போய்விடும் என்று கைக்குட்டையை நனைக்க அறை மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள்.

நுன்ஸியா தொப்பியையே பார்த்தாள்.

இந்த ஊர்ப்பக்கத்தில் கட்டிலின் மேல் யாரும் தொப்பி வைப்பதில்லை. சாகும் முன் எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வருகிற பாதிரியார்தான் தன் தொப்பியைச் சாகக்கிடப்பவரின் கட்டிலில் வைப்பார். அதனால் தொப்பி வைத்த கட்டிலில் சாவு விழும் என்பார்கள். நுன்ஸியாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எர்மெலிந்தாவுக்கோ அதுதான் வேதம். கல்யாணமான புதிதில், தொப்பியை மெத்தையில் எறிந்த கொழுந்தனை வாசல்வரை துரத்தியவள் அவள். மெத்தையைக்கூட மாற்றச் சொல்லிவிட்டாள். இன்றுவரை யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் கட்டிலுக்குத்தான் போகும்.

அப்படிப்பட்டவள் தன் கையாலேயே வைத்துவிட்டு, வைத்தது தெரியாமல் குழாயடியில் நிற்கிறாள்.

முகம் பொய் சொல்லிவிட்டது, குரலும் சொல்லிவிட்டது. கை மட்டும் மறந்துவிட்டது. டாக்டர் சொன்ன ஏதோ ஒன்று அந்தத் தலை முழுக்க அடைத்துக்கொண்டு, வேறு எதற்கும் இடமில்லாமல் செய்திருக்கிறது. அது என்னவென்று நுன்ஸியாவுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பயம் காலிலிருந்து ஏறியது. அக்கா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

குழாய் நின்றது.

எர்மெலிந்தா திரும்பி இதைப் பார்த்தால் அவ்வளவுதான். தங்கச்சியை நானே கொன்றேன் என்று ஆயுசுக்கும் மார்பில் அடித்துக்கொள்வாள்.

நுன்ஸியா எட்டி, தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“அடியே, இருடி, சுருக்கம்...” என்று திரும்பிய எர்மெலிந்தா நின்றாள். “ராணி மாதிரி இருக்கே.”

“சரி, எப்படித் துவைக்கணும்னு சொல்லு. நான்பாட்டுக்கு மெஷின்ல போட்டுக் கெடுத்துடுவேன்.”

எர்மெலிந்தா ஈரக் கைக்குட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். பச்சைத் தண்ணீரில் கையால் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. கவிழ்த்த கிண்ணத்தின் மேல் போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். முழுக்கக் காய்வதற்குள் இஸ்திரி போட்டுவிட வேண்டும். முதல் கோடையில் துணி கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், அடுத்த கோடையில் மெதுவாகிவிடும், அதற்கடுத்த கோடையில்...

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஈரக் கைக்குட்டையை நாலாக மடித்தாள்.

நுன்ஸியா தொப்பியின் முனையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அந்த இஸ்திரி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுக்கா” என்றாள்.