இளைத்த கேமராவின் முதல் படம்

ஒரு பிளாஸ்டிக் கேமராவுக்கு எடை குறைக்கிற பைத்தியம் பிடித்தது. தன் மூடியைச் சுரண்டியது, உடம்புச் சுவரை இழைத்தது, அப்படியும் ஆசை அடங்கவில்லை. கடைசியில், ஃபிலிமைப் பின்னாலிருந்து தட்டையாக அழுத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங்கிடம் வந்து நின்றது.

"நீயும் கிளம்புடா தடியா!"

"நான் போனா ஃபிலிம் தொப்பை போடும்டி," என்றது ஸ்பிரிங்.

"போட்டுட்டுப் போகட்டும். உள்ளே இருக்கறதை எவன் பாக்கப் போறான்?"

ஸ்பிரிங் குப்பைக்கூடையில் குதித்தது. கேமராவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்று, தன் புது ஒல்லி உடம்பைத் தானே படம் எடுத்தது.

தொப்பை போட்ட ஃபிலிமில் விழுந்த படம் கழுவி வந்தது.

"ஐயோ, யாருடா இந்தப் பூசணிக்காய்?" என்று அலறியது கேமரா.

குப்பைக்கூடைக்குள் ஸ்பிரிங் சிரித்த சிரிப்பில் துள்ளி, மேசை மேலேயே வந்து விழுந்தது. கேமரா முதுகுக் கதவைத் திறந்துவிட்டது.