மேற்கே

"அன்னிக்கு ஓடுனதுல யாருக்காவது உயிர்ச்சேதம்? பொருள்சேதம்?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

இல்லை என்று தலையசைத்தாள் கயல்விழி.

அவர் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சர்வதேசச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்பவர். அவள் தேவனாம்பட்டினக் கடற்கரையின் தகவல் மையத்தில் கணினியைப் பார்த்துக்கொள்பவள். சுனாமி எச்சரிக்கை வந்தால் அபாயச் சங்கை அழுத்த வேண்டியதும் அவள்தான்.

போன மாதம் அப்படி ஒன்று கணினியில் வந்தது. அழுத்தினாள். அடுப்பில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஊரே மேற்கே, கடலூர்ப் பக்கம் ஓடியது.

அலை வரவில்லை.

அனுப்பியது அரசாங்கமே இல்லை. எவனோ ஒருவன். எந்த நாட்டுக்காரன் என்றுகூடத் தெரியவில்லை.

பனி கொட்டும் ஊர் ஒன்றில், கம்பளிச் சட்டையோடு, காபி ஆறுவதற்குள் அவன் அதைத் தட்டி அனுப்பியிருப்பான் என்று கயல்விழி நினைத்துக்கொள்வாள். தேவனாம்பட்டினம் என்ற பெயர் அவன் வாயில் எப்படி நுழைந்திருக்கும்?

"ஒரு நாட்டுல உக்காந்துக்கிட்டு, இன்னொரு நாட்டுக் கம்ப்யூட்டர் வழியா உங்கள ஓட வச்சிருக்கான். எந்த நாட்டுக் கோர்ட்டு விசாரிக்கிறதுன்னே தகராறு. அதுக்கும் முன்னாடி, சேதம்னு ஒண்ணக் காட்டணும்மா. இல்லேன்னா பயங்கரவாதம் இல்ல, வெறும் குறும்புன்னுடுவாங்க."

சேதம்.

அவளைத் தெருவில் பார்க்கிறவர்கள் இப்போதெல்லாம், "என்னா கயலு, இன்னிக்கு எப்ப ஓடணும்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நாளைக்கு நிஜமாகவே அலை வந்தால்? மறுபடி அழுத்தினால் எழுந்து ஓடுவார்களா? ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடாத கேள்வி அது.

"இருங்க சார், காட்டுறேன்."

எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள்.

சங்கு அலறியது. ஜெயப்பிரகாஷின் பேனா கை நழுவி விழுந்தது. அவள் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

மீனைக் கூறு வைத்துக்கொண்டிருந்த பொன்னி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். படகு நிழலில் சீட்டாடியவர்கள் மையத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். சிங்காரம் மாமா தன் சீட்டை ஓங்கிப் போட்டார்.

ஒருவர்கூட எழவில்லை.

"எழுதிக்குங்க சார்," என்றாள்.

அவர் குனிந்து பேனாவை எடுத்தார். பயந்துகொண்டே போட்ட கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்டதுபோல இருந்தது கயல்விழிக்கு.

அப்போதுதான் தெருமுனையில் யாரோ ஓடி வருவது தெரிந்தது.

மேற்கே அல்ல. கிழக்கே, கடலைப் பார்த்து.

அம்மா.

தங்கம்மாளின் ஒரு காலில் செருப்பு இல்லை. வந்த வேகத்தில் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி, ஓடிறலாம்! வெளிநாட்டுக்காரன் வேலைன்னு எல்லாம் குந்திக்கினு கெடக்குதுங்க. ஒருதரம் ஏமாந்தவ, நெசமா இல்லாம மறுக்கா அழுத்துவாளா எம்பொண்ணு?"

ஜெயப்பிரகாஷ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

சங்கு இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

கயல்விழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடத் தொடங்கினாள்.