வேலையில் இருப்பவர்

"போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீங்களா?" படிவத்தைப் புரட்டியபடி கேட்டார் கணக்கெடுப்பு அலுவலர்.

"ஒரு மணி நேரம் பார்த்தாலே வேலையில இருக்கிறதாக் கணக்கா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

"மேலே அப்படித்தான் சொல்லியிருக்காங்க சார்."

"நல்ல கூத்து! நம்ம ஊர் மோட்டார் கம்பெனியில ஃபோர்மேன் நான். இன்னிக்குத்தான் லீவு."

"ஓவர்டைம் வேற. மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை" என்றாள் மனைவி, அவருடைய வேலைச் சட்டையைக் கொடியில் உதறிப் போட்டபடி. குரலில் அத்தனை பெருமை.

அலுவலரின் பேனா நின்றது. நேற்றுதான் அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தார். கேட்டில் பூட்டு. மூடி நான்கு மாதம் ஆகிறது என்றார் காவலாளி.

நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரரின் கண்கள் மனைவி பக்கம் போய்த் திரும்பிக் கெஞ்சின.

பாவம், இந்த அம்மா தலையில் நாம் ஏன் கல்லைப் போடவேண்டும்? 'வேலையில் இருப்பவர்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு எழுந்தார்.

வாசல் கேட்டைச் சாத்த வந்த மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"கம்பெனியை மூடிட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியும்தானே சார்?"

அலுவலர் திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படிம்மா...?"

"துவைக்கிறவ நான்தானே? நாலு மாசமா அந்தச் சட்டையில ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை."

"அப்ப நான் போட்ட டிக்கை அடிச்சுட்டு, வேலை இல்லைன்னு மாத்தி எழுதிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார்" என்று பதறினாள். "அவரே இன்னும் எங்கிட்ட சொல்லலை."